தளிர்த்த பள்ளிக்கூடம்

பண்டத்தரிப்புக்கு மேற்கே, வேம்பும் பனையும் இலுப்பையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற ஒரு வளவுக்குள் நாகலிங்கம் என்றொரு தச்சர் இருந்தார். அந்தப் பக்கத்தில் தச்சரை ஓடாவி என்பார்கள். இருந்தார் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. அவர் ஓரிடத்தில் இருந்ததை ஊரில் யாரும் கண்டதில்லை.

சோறு தின்னும்போது பாதியில் எழுந்துபோய் மரம் செதுக்குகிற வாய்ச்சியின் பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்து மிச்சத்தைத் தின்பார். கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார வைத்தால் இருக்கிற பலகையைப் புரட்டி அடியைப் பார்ப்பார். கோயிலில் தீபம் காட்டும்போது எல்லாரும் சாமியைப் பார்க்க, அவர் கதவின் மூலைப் பொருத்தைப் பெருவிரலால் தடவிக்கொண்டு நிற்பார். கையில் ஒன்றும் இல்லாவிட்டால் விரல்கள் தம்பாட்டில் வேட்டிக் கரையை மடிப்பதும் அவிழ்ப்பதுமாய் இருக்கும்.

அவருடைய வளவில் நின்றவை அறுபத்து மூன்று மரங்கள். மனைவி ஞானாம்பிகை எண்ணி வைத்திருந்தாள். கலியாணமாகி வந்த பதினெட்டு வருடத்தில் அதில் ஒன்றுகூடக் குறையவில்லை என்பதுதான் அவளுக்கு ஆச்சரியம். மரங்களில் இரக்கப்பட்டு ஓடாவி வெட்டாமல் விட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவரால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, அவ்வளவுதான். கிணற்றடி வேம்பு காலையில் அவருக்கு ஒரு சோடிக் கதவாகத் தெரியும். மத்தியானம் பார்த்தால் கட்டில். வெயில் சாய்ந்த பிறகு நல்ல அகலமான பெட்டகம். கோடரியோடு போவார், மரத்தை மூன்று தரம் சுற்றுவார், திரும்பி வந்துவிடுவார். பிறகு வேலைக்கு வேண்டிய மரத்தைச் சங்கானையில் வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார். இப்படியே மரங்கள் பெருத்து, கொட்டிலை நெருக்கி, பகல் பன்னிரண்டு மணிக்கும் ஞானாம்பிகை உள்ளே விளக்குக் கொளுத்திக் கறி தாளிக்க வேண்டியதாயிற்று.

நாற்பத்தைந்து வயதுக்குள் அவர் கை ஊருக்குச் செய்து கொடுத்தவை ஏராளம். தேங்காய் துருவுகிற திருவலைக்குக் கட்டை, மாட்டுத் தொழுவத்துக்குத் தொட்டி, வாங்கு, கட்டில், படலை. எல்லாம் ஆட்கள் குந்துகிற, படுக்கிற, காலால் தள்ளித் திறக்கிற சாமான்கள். ஊரில் பாதிப் பேர் அவர் செய்த ஏதோ ஒன்றின்மேல் இருந்துகொண்டுதான் அவரைப் பற்றிக் கதைத்தார்கள். அவருக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் ஒரேயொரு ஆசை இருந்தது. தான் செய்த ஒன்றின் முன்னால் ஆட்கள் நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட வேண்டும். செத்துப்போவதற்குள் ஒன்று போதும்.

அறுபத்து நாலாம் ஆண்டு மார்கழிப் புயல் அதற்கு வழி திறந்தது. பிள்ளையார் கோயில் இலுப்பையின் பெருங்கிளை முறிந்து விழுந்து வாசற்கதவைப் பிளந்துவிட்டது. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னர் புதுக் கதவு போட வேண்டும். விடிந்ததும் விடியாததுமாக நாகலிங்கம் கோயில் மனேச்சர் கனகரத்தினத்தாரின் படலையில் போய் நின்றார். நின்றார் என்றால், படலைக்கு இப்பாலும் அப்பாலும் நடந்துகொண்டு நின்றார்.

மனேச்சர் அவசரப்படாத மனிதர். வெற்றிலையை மடித்து வாயில் வைத்து, அது சிவக்கும்வரை காத்திருந்துதான் வாயைத் திறந்தார். “பள்ளிக்கூடக் கொட்டிலும் விழுந்து கிடக்குது, பிள்ளையள் வெளியிலை நிக்குதுகள். முதல் அதை எழுப்பும் பாப்பம். நான் கொழும்புக்கு மகனிட்டைப் போட்டு மாசியிலை வருவன். வந்து உம்மடை வேலையைப் பாத்துப்போட்டுக் கதவைப் பற்றிக் கதைப்பம்.”

அன்றைக்கே நாகலிங்கம் பள்ளிக்கூடத்தில் இறங்கிவிட்டார். தூணுக்கு மரம் வாங்கப் போக நேரமில்லை. தலைமை வாத்தியார் சிவசுப்பிரமணியம் ஊரைச் சுற்றி வந்து கேட்க, புயலில் வேலி சரிந்த வீடுகளெல்லாம் ஆளுக்கொரு பூவரசந் தண்டைக் கொடுத்தன. தொடைப் பருமன், பாம்புப் பச்சை, வெட்டின இடத்தில் நீர் கசிந்தது. மொத்தம் பதினாறு.

பச்சைப் பூவரசைத் தூணாக நடுவதற்கு ஒரு முறை உண்டு. தோலை முழுதாக உரிக்க வேண்டும். அடிப்பாகத்தை நெருப்பில் கருக்க வேண்டும். ஒரு கிழமையாவது வெயிலில் போட்டு அதன் உயிரைப் போக்க வேண்டும். இது நாகலிங்கத்துக்குத் தெரியாததா? ஏழு தண்டை அப்படியே செய்தார். எட்டாவதை எடுக்கும்போது கூரைக்கு வந்த பனஞ்சலாகை கண்ணில் பட்டது. அதை அளக்கப் போனார். அளந்துகொண்டிருக்கும்போது வாங்கின் கால் ஆடுவது தெரிந்தது. அதைப் பார்க்கப் போனார்.

திரும்பி வரும்போது மிச்ச ஒன்பது தண்டையும் உதவிக்கு வந்த ஊர்ச்சனம் நட்டு முடித்திருந்தது. வருடா வருடம் மாரியில் வேலிக்கு வேர்விட்டுத் தழைக்கிற கதியால் கம்பு நட்டுப் பழகிய கைகள் அவை. கதியால் எப்படி நடுவார்களோ அப்படியே நட்டிருந்தார்கள். அடியைச் சரிவாய் வெட்டி, குழியில் இறக்கி, சுற்றி மண்ணை மிதித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளி தண்ணீரும் ஊற்றியிருந்தார்கள். மேல்வெட்டுக் காயாமல் இருக்கக் கதியாலின் தலையில் சாணி அப்புவது வழக்கம். யாரோ ஒரு பெண்பிள்ளை மறக்காமல் அதையும் செய்திருந்தாள்.

தூணின் தலையில் சாணியைக் கண்டதும் நாகலிங்கம் சிரித்தார். பிடுங்கித் தோலுரித்துத் திரும்ப நடலாம். ஒரு நாள் வேலை. ஒரு நாள் முழுக்கச் செய்த வேலையையே திரும்பச் செய்துகொண்டு நிற்பதை நினைக்கவே அவருக்குக் கால் உளைந்தது. சாணியைத் துடைத்துவிட்டு, அதன்மேல் கூரை தாங்குகிற வளைமரத்தை ஏற்றிக் கட்டினார். பொங்கலுக்கு அடுத்த கிழமை பள்ளிக்கூடம் திறந்தது. கூரையில் புதுத் தென்னங்கிடுகு மணக்க, தூண்கள் நூல் பிடித்தமாதிரி நிற்க, வாத்தியார் நாலு பேர் முன்னால் அவரைப் புகழ்ந்தார். ஓடாவிக்கு அன்றைக்கே கோயில் கதவு கைக்கு வந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் கிழமை, ஆடுகிற கரும்பலகைக்கு ஆப்பு அடிக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். வடகிழக்கு மூலைத் தூணில், தன் நெஞ்சு உயரத்தில், செம்பச்சையாய் ஒரு தளிர். சின்னது. எலிக்காது அளவு. மற்றத் தூண்களைப் பார்த்தார். தோலுரித்த ஏழும் யோக்கியமாய் நின்றன. மற்ற ஒன்பதும் தளிர்த்திருந்தன.

ஓடாவி ஒருவர் நட்ட தூண் தளிர்த்தது என்றால், வைத்தியர் கொடுத்த மருந்தில் நோய் கொழுத்த மாதிரித்தான். அவர் அங்குமிங்கும் பார்த்தார். வாத்தியார் முன்பக்கம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தூணாய்ப் போய்ச் சாய்ந்து நிற்கிற மாதிரி நின்று, முதுகுக்குப் பின்னால் கையை விட்டுக் கிள்ளி மடிக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

அதோடு அவருக்கு இருந்த கொஞ்சநஞ்ச அமைதியும் போயிற்று. பூவரசு கிள்ளினால் அடங்குகிற சாதியில்லை. ஒன்றைக் கிள்ளிய இடத்தில் இரண்டு வந்தது. இரண்டைக் கிள்ளினால் நாலு. மனேச்சர் எந்த நாளும் வந்து இறங்கலாம். ஆகவே பிள்ளைகள் வருமுன், பலபலவென்று விடிகிற நேரத்தில், ஓடாவி தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சனி ஞாயிறும் போனார். கிள்ளின குழையை வீட்டு ஆடுகளுக்குப் போட்டார். கலியாண வீட்டுக்குப் போகவில்லை, செத்த வீட்டில் பிரேதம் எடுக்குமுன் எழுந்து வந்தார். யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் பக்கத்துக் கொழும்புத்துறையில் மரியரட்ணம் என்கிற மீன்காரர் வீட்டுக்கு இரண்டு சன்னல் செய்து கொடுப்பதாய் மார்கழியிலேயே சொல்லியிருந்தார், அதற்கும் போகவில்லை. ஒரு நாள் தவறினால் பள்ளிக்கூடம் காடாகிவிடும் என்று பட்டது.

முதலில் பிடித்தது ஞானாம்பிகைதான்.

“இஞ்சருங்கோ, எங்கடை வேலியிலை ஒரு குழை ஒடிச்சபாடில்லை. ஆடு ரண்டும் வயிறு வீங்கிப்போய் நிக்குது. ஆரின்ரை வேலியிலை களவெடுக்கிறியள்?”

அவர் எழுந்து நடந்தபடி விசயத்தைச் சொன்னார். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். “அறுபத்து மூண்டு மரத்துக்கை இருந்துகொண்டு ஒண்டையும் வெட்ட வழியில்லை,” என்றாள் கடைசியில். “வெட்டினதாவது செத்துதெண்டு பாத்தால் அதுவும் இல்லை.”

இரண்டாவதாகப் பிடித்தது கனகாம்பிகை. நாலாம் வகுப்பு. அன்றைக்கு வகுப்புக் கூட்டுகிற முறை அவளுடையது, ஈர்க்குக்கட்டோடு வேளைக்கே வந்துவிட்டாள். ஓடாவி வாங்கின்மேல் ஏறி நின்று தூணின் தலைப்பக்கம் கிள்ளிக்கொண்டிருந்தார்.

“ஓடாவி மாமா, என்ன செய்யிறியள்?”

அவர் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வாயில் வந்ததைச் சொன்னார்.

“இது வளருற பள்ளிக்கூடம் பிள்ளை. உங்களுக்கெண்டு நான் விசேசமாய்க் கட்டினது. ஒரு நாள் இதைக் கிள்ளாமல் விட்டனெண்டால் ஒரு சாண் உயந்துபோம். பிறகு கரும்பலகை வாத்தியாருக்கு எட்டாது.”

தலைமை வாத்தியார் குள்ளமான மனிதர். கனகாம்பிகை அதைக் கொஞ்சம் யோசித்தாள்.

“கிள்ளாமலே விட்டால்?”

“விட்டால் ஏணி வைச்சுத்தான் ஏற வேணும். ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது, விளங்குதோ.”

அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை, இருபத்தெட்டுப் பேருக்குச் சொன்னாள். அந்த இருபத்தெட்டும் வீட்டுக்குப் போகும் வழியில் கதையைச் சும்மா தூக்கிக்கொண்டு போகவில்லை, ஆளுக்கு ஒரு கை சேர்த்தார்கள். ஒரு கிழமையில் அது ஓடாவிக்கே திரும்பி வந்தது, அடையாளம் தெரியாமல் கொழுத்துப்போய். பள்ளிக்கூடம் உயர்ந்து உயர்ந்து காங்கேசன்துறைக் கப்பல் தெரிகிற உயரத்துக்குப் போகுமாம். அப்போது பிந்தி வருகிற பிள்ளைகளை வாத்தியார் வாளியில் கயிறு கட்டித் தூக்குவாராம். மேலே முகில் முட்டுகிறதால் மழைக்காலத்தில் சிலேட்டுத் துடைக்கத் தண்ணீர் தேட வேண்டாமாம். அதைவிட ஓடாவியைத் தூக்கிவாரிப் போட்டது அவரைப் பற்றிய பகுதி. அவர் வளவில் நிற்கிற அறுபத்து மூன்றும் உண்மையான மரங்கள் இல்லையாம். எல்லாம் முந்தி அவர் செய்த கதிரை, மேசை, கட்டில்களாம். கிள்ள மறந்துபோனதால் ஒவ்வொன்றாய்த் திரும்ப மரமாகிப் போனவையாம். கிணற்றடி வேம்பு ஒரு கட்டிலாம். காது வைத்துக் கேட்டால் அதில் படுத்த கிழவன் இப்பவும் குறட்டை விடுவது கேட்குமாம்.

பள்ளிக்கூடம் விட்டால் நாலைந்து பிள்ளைகள் வந்து வேம்பில் காதை வைத்துக்கொண்டு நின்றன. ஒன்று கேட்குது என்றது. மற்றவையும் கேட்குது என்றன. நாகலிங்கம் துரத்தினார். துரத்திவிட்டு, ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, தானும் ஒரு தரம் காதை வைத்துப் பார்த்தார்.

இந்த நேரத்தில் மரியரட்ணம் மூன்றாம் முறையாக ஆள் அனுப்பினார். கடற்காற்று வீட்டுக்குள் அடிக்கிறது, பிள்ளைகளுக்குச் சளியும் தடிமனும், இன்றைக்கு வராவிட்டால் இனி வர வேண்டாம் என்று. ஒரு நாள்தானே என்று நாகலிங்கம் போனார். வேளைக்கே எழுந்து எல்லாத் தூணையும் மொட்டையாக்கிவிட்டுப் போனார். போன இடத்தில் காலமில்லாக் காலத்தில் மழை பிடித்தது. ஒரு நாள் வேலை மூன்று நாளாயிற்று. சன்னலைப் பொருத்துவதும், வெளியே வந்து மேற்கே பார்ப்பதும், உளியைச் சுவரில் வைத்துவிட்டு முற்றத்தில் தேடுவதுமாய் அவர் பட்ட பாட்டை மரியரட்ணம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன ஓடாவியார், வீட்டிலை ஆருக்கேன் பிள்ளைப்பேறோ?”

“ஒம்பது பேருக்கு,” என்றார் நாகலிங்கம்.

நாலாம் நாள் பத்து மணிக்குப் பஸ்ஸால் இறங்கியபோதே சத்தம் கேட்டது. பூவரசம் இலையைச் சுருட்டி ஊதுகிற பீப்பிச் சத்தம். ஒன்று இரண்டல்ல, ஒரு கலியாண ஊர்வலத்துக்குப் போதுமான பீப்பி. பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

பள்ளிக்கூடம் தழைத்து நின்றது. மழையும் குடித்து, கிள்ளக் கையும் இல்லாமல், மூன்று நாளில் ஒன்பது தூணும் வாழைத்தாறு மாதிரிக் குலைகுலையாய் இலை விட்டிருந்தன. மண்தரையில் மனேச்சரின் கறுப்புக் குடை ஊன்றியிருந்தது. அதைப் பிடித்தபடி மனேச்சர். பக்கத்தில் வியர்த்து விறுவிறுத்த வாத்தியார். அவர் அதட்டிய அதட்டில் பீப்பிகள் அடங்கிப் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

“உது என்ன, நாகலிங்கம்?” மனேச்சர் குடைக்காம்பால் மூலைத்தூணைக் காட்டினார்.

பிள்ளைகள் எல்லாரும் ஓடாவியைப் பார்த்தார்கள். அவர் சொல்லப் போவதை அவர்கள் மனப்பாடமாய் வைத்திருந்தார்கள். கனகாம்பிகையின் உதடு அவருக்கு முதலே அசைந்தது. அவருக்கும் அந்தக் கதை நாக்கு நுனி மட்டும் வந்துவிட்டது. வளர்கிற பள்ளிக்கூடம், விசேசமாய்க் கட்டினது என்று சொல்லிச் சிரித்தால் மனேச்சரும் சிரித்துவிட்டுப் போகக்கூடும். ஆனால் கதவு என்றால் கதவு. பிள்ளையாருக்கு முன்னால் நிற்கப் போகிற கதவைப் பீப்பி ஊதுகிற பொய்யில் தொடங்குவதா என்று ஒரு எண்ணம் வந்து குறுக்கே நின்றது. வாழ்நாளில் முதல் தடவையாக அவருடைய கை கால் எல்லாம் அசையாமல் இருந்தன.

“பிழை என்ரைதான் ஐயா,” என்றார். “தோல் உரிக்காமல் நட்டதைப் பிடுங்கித் திருப்பி நட எனக்குப் பொறுமை இல்லாமல் போச்சுது. தெரிஞ்சுகொண்டு செய்தது.”

கனகாம்பிகை கையை உயர்த்தினாள். “மாமா பொய் சொல்லுறார்,” என்றாள். மனேச்சருக்குப் பயந்துதான் அப்படிச் சொல்கிறார், உண்மையில் இது வளர்கிற பள்ளிக்கூடம், தனக்கு அவரே சொன்னவர் என்று அவள் ஒரே மூச்சில் விளக்கினாள். இருபத்தெட்டுத் தலைகளும் ஓம் என்று ஆடின.

மனேச்சர் மூலைத்தூணைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அது அசையவில்லை. வேர் ஓடியிருந்தது. அவர் குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, நாகலிங்கம் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

“உண்மையைச் சொன்னது நல்லது. ஆனால் கதவை மற்ற ஓடாவி கந்தப்புவிட்டைக் குடுக்கப் போறன். அவன் மெல்லத்தான் செய்வான், ஆனால் இருந்து செய்வான்.”

கந்தப்பு சித்திரைக்கு முன் கதவைக் கொண்டுவந்து பொருத்தினார். திருவிழாவின் முதல் நாள் நாகலிங்கம் போய் ஒவ்வொரு பொருத்தாகப் பெருவிரலால் தடவினார். ஒரு மயிரிழைகூடப் பிழை இல்லை. அதுதான் அவரை மிகவும் வருத்தியது. ஆட்கள் வந்து கதவின் முன்னால் செருப்பைக் கழற்றினார்கள், கும்பிட்டார்கள். அவர் தீபம் காட்டுமுன்னமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

தளிரைக் கிள்ளுவதை விட்டார். இனி யாருக்கு ஒளிக்க? தூண்கள் தம்பாட்டில் பெருத்தன. ஆனால் பெருக்கிற தூண் கட்டிய கயிற்றை அறுக்கும், வளைமரத்தை நெம்பும். ஆகவே வருடத்துக்கு இரண்டு தரம் ஓடாவி போய்க் கயிற்றைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருந்தது. அப்படிப் போன ஒரு நாளில் புதுக் குற்றச்சாட்டு ஒன்று காத்திருந்தது. முந்தின வருடம் பிள்ளைகள் தங்கள் தலை உயரத்துக்கு ஒவ்வொரு தூணிலும் ஆணியால் கோடு கீறி வைத்திருந்தார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு உயருகிறது என்று பார்க்க. இப்போது போய் நின்று பார்த்தால் கோடு எல்லாருக்கும் நெற்றியளவில் கிடந்தது. பள்ளிக்கூடம் தாழ்ந்துவிட்டதாம். ஓடாவி மாமா மனேச்சருக்குப் பயந்து தொடக்கத்தில் கூடுதலாய்க் கிள்ளிப்போட்டார் என்று ஒரு பெடியன் முகத்துக்கு நேரே சொன்னான். நீங்கள்தானடா வளர்ந்தீர்கள் என்று சொல்ல வாயெடுத்தவர், அதையும் பொய் என்பார்கள் என்று கயிற்று முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார்.

அந்தப் புரட்டாதியில் வாணி விழாவுக்குப் பிள்ளைகள் சரசுவதி படத்தை வடகிழக்கு மூலைத் தூணடியில் வைத்தார்கள். ஈசான மூலை என்று வாத்தியார் காட்டிய இடம் அது. தூணுக்குச் சந்தனப் பொட்டு வைத்தார்கள். விழா முடிந்து படத்தை எடுத்தார்கள், பொட்டை யாரும் அழிக்கவில்லை. அடுத்த மாதம் ஒரு பெண் காணாமற்போன பசு கிடைக்க வேண்டும் என்று அந்தப் பொட்டுக்கு நேரே நின்று கும்பிட்டுவிட்டுப் போனாள். பசு மறுநாள் சுழிபுரத்து வயலில் அகப்பட்டது. அதோடு தூணடிக்கு ஒரு கல் வந்தது. கல்லோடு ஒரு சின்னச் சூலம் வந்தது. சூலம் வந்தால் அந்தப் பக்கத்தில் அது வைரவர் சாமி. வெள்ளிக்கிழமைகளில் யாரோ விளக்கு வைத்தார்கள். எழுபதாம் ஆண்டளவில் ஊரில் புதிதாய் வந்த மருமகள்மாருக்கு அது தூணாய் இருந்த கதையே தெரியாது.

நாகலிங்கம் அந்தத் தெருவால் போவதைக் குறைத்தார். தன் பிழைக்கு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு நடக்க அவரால் முடியவில்லை. ஆனால் கயிறு தளர்த்தப் போயே ஆக வேண்டும். ஒரு தை மாதம் அப்படிப் போனபோது தூணுக்கு வெளிப்பக்கம் கனகரத்தினத்தார் நின்றார். வயது போய், நடை தளர்ந்திருந்தது. குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கி, செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்து, இரண்டு கையையும் தலைக்குமேல் எடுத்து நின்றார். அவர் முடிக்கும்வரை ஓடாவி ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறிக்கொண்டிருந்தார்.

“நீரும் கும்பிடும் நாகலிங்கம்,” என்றார் மனேச்சர் திரும்பி. “கேட்டது குடுக்கிற இடம்.”

ஓடாவி பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கையைக் கூப்பினார். கண்ணுக்கு நேரே, சந்தனப் பொட்டுக்கு ஒரு விரற்கடை மேலே, எலிக்காது அளவில் புதிதாய் ஒரு தளிர் வந்திருந்தது. கூப்பிய கைக்குள் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தேடின. மனேச்சர் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவளைவு தாண்டியதும் ஓடாவி அதைக் கிள்ளக் கையை நீட்டினார்.

“ஒடியாதேங்கோ,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். கிடுகுத் தட்டிக்கு மேலால் ஒரு சின்னப் பெட்டை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். கனகாம்பிகை எட்டாம் வகுப்பு முடித்துப் போய் எவ்வளவோ காலம், இது வேறொன்று. “பள்ளிக்கூடம் இன்னும் தாழ்ந்துபோம்.”

நீட்டிய கையை ஓடாவி மெல்ல இழுத்து, அது இனிமேல் எங்கும் போகாதபடி கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு, கயிற்றைத் தளர்த்தவும் பெட்டியை எடுக்கவும் மறந்தவராய் விறுவிறென்று தெருவில் இறங்கி நடந்தார்.